நஞ்சுக்கொடி கீழே, பக்கத்தில் ஒரு கட்டி: நான் பார்த்த கிளினிக் பற்றி

கர்ப்பப்பையில் ஆறு செ.மீ.யில் ஒரு ஃபைப்ராய்டு (புற்றுநோய் அல்லாத சதைக்கட்டி), போதாததற்கு கர்ப்பத்தின் 20ஆவது வார ஸ்கேனில் நஞ்சும் (குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி) கீழே இருப்பதாக வந்தது. முதலில் பார்த்த இடத்தில் "படுத்தே இருங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வரும்வரை நானும் அவரும் பேசவே இல்லை. அப்புறம்தான் சிக்கலான கர்ப்பங்களை மட்டும் பார்க்கும் இந்த கிளினிக்குக்கு மாறினேன்.

முதல் நாளே டாக்டர் ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து, கட்டி இங்கே, நஞ்சு இங்கே, வாய் இங்கே என்று புள்ளி வைத்துக் காட்டினார். நஞ்சின் விளிம்புக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் 20 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், எனக்கு 9தான். ஆனால் கர்ப்பப்பை விரிய விரியப் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே விலகிவிடும், 32ஆவது வாரம் மறுபடி பார்ப்போம் என்றார். உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது) என்றதும் ரத்தம் வந்துவிடுமோ என்று நடுங்கினேன். அதுதான் துல்லியம், ஆபத்தும் இல்லை, விரல் விட்டுப் பார்ப்பதுதான் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அதே தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தது: வலியே இல்லாமல் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் வந்தாலும் சரி, வயிறு கல் மாதிரி இறுகி வலித்தாலும் சரி, போன் பண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும். அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டியிருந்தது.

22ஆவது வாரம் கட்டி இருந்த இடத்தில் குத்திக் குத்தி வலி. வளர்ந்த கட்டிக்கு ரத்தம் போதாமல் போனால் அப்படித்தான் வலிக்குமாம். வீட்டில் இருந்த ஐபுப்ரோஃபென் போடட்டுமா என்று போனில் கேட்டேன். 20 வாரத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம், குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீர் குறையலாம் என்று நர்ஸ் அக்கா தடுத்தார். பாரசிட்டமாலும் ஓய்வுமாக ஐந்து நாளில் அடங்கியது. அந்த ஒரு போனுக்காகவே இந்த இடத்தை யாருக்கும் சொல்வேன்.

எனக்கு நஞ்சு விலகவில்லை. ஹீமோகுளோபினை முன்கூட்டியே ஏற்றி, ரத்தம் தயாராக வைத்து, 37ஆவது வாரம் சிசேரியன். கட்டியையும் சேர்த்து எடுத்துவிடுங்களேன் என்று அம்மா கேட்டதற்கு, அந்த நேரத்தில் கை வைத்தால் ரத்தப்போக்கு அதிகமாகும் என்று மறுத்துவிட்டார்கள். குழந்தையும் நானும் நலம்.

குறை ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் இரண்டு மணிநேரக் காத்திருப்பு, அதுவும் சாய்மானம் இல்லாத பெஞ்சில். எட்டு மாத வயிற்றோடு அதில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், தயவுசெய்து அதை மட்டும் மாற்றுங்கள்.