"காந்த ஆபரேஷன்" என்று கூடுதல் பணம் கேட்கிறார்கள்: கோத்தகிரி, குன்னூர் பக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்

கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில், சமவெளியில் இருக்கும் தனியார் மருத்துவமனை ஒன்று இலவச ஸ்கேன் முகாம் நடத்தியது. கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லி, அவர்கள் வேனிலேயே கீழே கூட்டிப்போனார்கள். வழக்கமான கட்டணத்துக்கு மேல் "காந்தக் கருவி" என்று 38,000 ரூபாய் வாங்கினார்கள். அந்த பில்லும், எழுதிக் கொடுத்துக் கேட்டபின் வந்த ஆபரேஷன் குறிப்பும் எங்களிடம் இருக்கின்றன. குறிப்பில் காந்தம் என்ற பேச்சே இல்லை. நாங்கள் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறவர்கள். எந்த இடத்தில் ஏமாற்றினார்கள் என்று விவரமாகச் சொல்கிறோம்.

கவுன்சலிங்கில் இருந்தவர் அந்த அம்மாவிடம் சொன்னது: "வயித்து மேல காந்தத்த வெச்சா கல்லு தானா வந்துரும்மா, தழும்பே இருக்காது." இது முழுப்பொய். பித்தப்பைக் கல் பெரும்பாலும் கொலஸ்ட்ரால், பித்த நிறமி, கால்சியம். காந்தம் அதை இழுக்காது. கல்லை மட்டும் எடுப்பதும் இல்லை, பித்தப்பையையே அகற்றுகிறோம்.

காந்தத்தின் உண்மையான வேலை வேறு. வழக்கமான லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) வயிற்றுக்குள் 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி, நான்கு போர்ட் (கேமராவும் கருவியும் நுழையும் துளை) போடுவோம். தொப்புளில் கேமரா, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலப்பக்கம் 5 மி.மீ. அளவில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றின் வழியாக உதவியாளர் பித்தப்பையின் நுனியைப் பிடித்து, வலது தோள்பட்டை திசையில் மேலே தள்ளிப் பிடித்திருப்பார். அப்போதுதான் கல்லீரல் விலகி, பித்தப்பைக் குழாயும் ரத்தக்குழாயும் கண்ணுக்குத் தெரியும். காந்தக் கருவி செய்வது இந்தப் பிடிக்கும் வேலையைத்தான். கழற்றக்கூடிய சிறு கிளிப்பை போர்ட் வழியாக உள்ளே அனுப்பி, பித்தப்பை நுனியில் கவ்வ வைத்து, அதைக் கொண்டுபோன கருவித் தண்டிலிருந்து விடுவிப்பார்கள். வயிற்றுக்கு வெளியே தோலின்மேல் வைக்கும் பெரிய காந்தம் அந்தக் கிளிப்பை இழுத்துப் பிடித்திருக்கும். காந்தத்தை நகர்த்தினால் பித்தப்பையும் நகரும். முடிந்ததும் தண்டை மறுபடி மாட்டிக் கிளிப்பை வெளியே எடுத்து, ஊசி, பஞ்சோடு சேர்த்து எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும்.

ஆக, நோயாளிக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றிரண்டு சின்ன துளைகள் குறைவது. கேமராவுக்கும் வெட்டும் கருவிக்கும் துளை வேண்டும், பித்தப்பையும் ஒரு துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்த அம்மா வயிற்றில் இருப்பது நான்கு தையல். ஆபரேஷன் குறிப்பிலும் "வழக்கமான நான்கு போர்ட் முறை" என்றே எழுதியிருக்கிறது.

இன்னும் மோசமானது ஒன்று. அதே முகாமில் அவருடைய அண்ணனுக்கும் கல் என்று சொல்லி அதே காந்த பேக்கேஜை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. யாரும் கேட்கவே இல்லை. பலமான காந்தம் அருகில் வந்தால் பேஸ்மேக்கர் இயங்கும் விதமே மாறிவிடும். பேஸ்மேக்கர், உடலில் பதித்த டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவி), நரம்புத் தூண்டி, காது கேட்கப் பதித்த கோக்ளியர் கருவி, இரும்பு கலந்த கிளிப் அல்லது துண்டு உடம்பில் உள்ளவர்களிடம் இந்தக் காந்தத்தைக் கொண்டுபோகவே கூடாது. உண்மையாகவே கருவி வைத்திருக்கிறவர்கள் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

உடல்வாகும் முக்கியம். தூரம் கூடக்கூடக் காந்தத்தின் இழுப்பு வேகமாகக் குறையும். வயிற்றுச் சுவர் தடிமனாக இருந்தால் பிடிக்காது. மிக மெல்லியதாக இருந்தால் கிளிப்புக்கும் காந்தத்துக்கும் நடுவில் தசை நசுங்கி, தோல் கன்றிப்போகலாம். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் எஃப்.டி.ஏ. 2016-ல் லெவிட்டா என்ற காந்தக் கருவிக்கு முதலில் அனுமதி கொடுத்தபோது, பித்தப்பை அகற்றும் ஆபரேஷனுக்கு மட்டும், அதுவும் பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் எண்) 20 முதல் 34 வரை உள்ளவர்களுக்கு என்று வரம்பு வைத்தது. இந்த அம்மாவின் கேஸ் ஷீட்டில் எடை, உயரம் இரண்டும் காலி. வீங்கித் தடித்த பித்தப்பையில் கிளிப் வழுக்கும், கிழித்தால் பித்தம் கொட்டும். அப்போது சாதாரண போர்ட்டுக்கே மாற வேண்டியிருக்கும் என்பதையும் ஒப்புதல் படிவத்தில் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இந்த ஆபரேஷனே தேவைதானா என்பது எங்கள் அடுத்த சந்தேகம். சாப்பிட்டபின் வலியோ காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ வந்ததில்லை என்று அவர் சொல்கிறார். தற்செயலாக ஸ்கேனில் தெரிந்த, தொந்தரவு தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். முகாமில் கல் என்று சொன்னால் அன்றைக்கே வேனில் ஏறாதீர்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்: கருவியின் பெயர் என்ன, இந்தியாவில் விற்க உரிமம் இருக்கிறதா, எத்தனை துளை, காந்தம் பிடிக்காவிட்டால் அந்தப் பணம் திரும்புமா? பதில்களை எஸ்டிமேட் தாளிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தபின் கிளிப் வந்த பெட்டியின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) கொண்ட ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொல்லுங்கள். இந்த பில்லில் "மேக்னட் சார்ஜஸ்" என்ற ஒரே வரிதான், கம்பெனிப் பெயரும் இல்லை, லாட் எண்ணும் இல்லை.

ஏற்கெனவே கட்டியவர்கள் மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், ஆபரேஷன் குறிப்பும் மயக்க மருந்துப் பதிவும் சேர்த்துக் கேளுங்கள். புகாரை மருத்துவமனை இருக்கும் மாவட்டத்து நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915.