தபாலில் போடுவதாகக் காசு வாங்கினார்கள், அட்டை கட்டாக வடைக்கடையில் கிடந்தது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள், பண்டிகை வியாபாரத்துக்கு வாடிக்கையாளர் வீட்டுக்குத் தபாலட்டை அனுப்ப யோசித்தால், இதை வாசித்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.

களுவாஞ்சிக்குடியில் எங்களுக்கு ஒரு சின்னப் புடவைக்கடை இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிதான் கூடுதலாக ஓடும். பேஸ்புக்கில் படம் போட்டால் லைக் வரும்தான். ஆனால் எங்களிடம் எடுப்பவர்களில் பாதிப் பேர் போனில் பார்த்துச் சேலை வாங்குகிற ஆட்கள் இல்லை. ஓய்வுபெற்ற டீச்சர்மார், பெரும்போக நெல் வெட்டு முடிந்து கையில் காசோடு வருகிற, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் குடும்பங்கள். இவர்கள் வீட்டுக்குப் பெயர் போட்டு ஒரு வண்ண அட்டை போனால் அதை அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைப்பார்கள். சித்திரை வருசத்துக்கு முன் அப்படி அனுப்புவோம் என்று தீர்மானித்தோம். பில் புத்தகத்தில் விலாசம் எழுதி வைக்கிற பழக்கம் எங்களுக்கு எப்போதும் உண்டு.

மட்டக்களப்பு நகரில் அச்சு வேலை எடுத்துச் செய்கிற ஒருவர் கிடைத்தார். டிசைன், அச்சு, விலாசம் ஒட்டுவது, தபாலில் சேர்ப்பது எல்லாம் தன் பொறுப்பு என்றார். 1,200 அட்டை, ஒன்று 90 ரூபாய்ப்படி 1,08,000 ரூபாய், முற்பணம் 70,000. மலிவு இல்லை. ஆனால் 2022இல் சாதாரணக் கடிதத்துக்கே முத்திரை 15 ரூபாயிலிருந்து 50 ஆனதில் இருந்து தபால் செலவு என்று யார் என்ன சொன்னாலும் நம்பும்படிதான் இருக்கிறது.

டிசைனுக்கு மட்டும் ஆள் விழுந்து விழுந்து வேலை செய்தார். சேலையின் கரை நிறம் வரவில்லை, எழுத்தைப் பெருப்பிப்போமா அக்கா என்று ராத்திரியெல்லாம் வட்ஸ்அப். விளம்பரத் தபாலில் ஊறியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பலனில் 40 வீதம் விலாசப் பட்டியலால், 40 வீதம் நாம் கொடுக்கும் சலுகையால், மீதி 20 வீதம்தான் அட்டையின் அழகால். இவர் அந்த 20 வீதத்தைக் காட்டியே எங்களை மயக்கிவிட்டார். பட்டியலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கம் எத்தனையோ வீட்டுக்கு இலக்கம் கிடையாது. பெயர், ஊர், உப தபால் நிலையம், அவ்வளவுதான் எங்கள் புத்தகத்தில் இருக்கும். தபால்காரர் ஆளைத் தெரிந்து கொண்டுபோய்க் கொடுப்பார். உண்மையில் அந்தப் பட்டியலை வைத்து லேபல் அடித்தவர் என்றால், இது என்ன ஊர், தபால் குறியீடு என்ன என்று ஒரு தடவையாவது போன் எடுத்திருப்பார். இவர் எடுக்கவேயில்லை.

வருசத்துக்குக் கிட்ட, தெரிந்த ஒரு அம்மா அட்டையோடு கடைக்கு வந்தார். “மனே, பஸ் ஸ்டாண்ட் வடைக்கடை மேசையில இது கட்டாக் கிடந்தது. 10 வீதம் கழிவு எண்டு போட்டிருக்கு, தருவியளா?” வாங்கிப் பார்த்தேன். விலாசம் எழுதுகிற பக்கம் நாலு கோடும் வெறுமையாக இருந்தது. லேபல் இல்லை, முத்திரை இல்லை, தபால் நிலையத்துச் சீலும் இல்லை. 300 ஜீஎஸ்எம் கனம் என்று சொன்ன அட்டை கலண்டர் தாள்போல மடிந்தது. இரண்டு பக்கமும் பளபளப்புப் பூசியிருந்தார்கள், பேனையால் எழுதிப் பார்த்தால் மை விரலோடு வந்தது. விலாசப் பக்கத்தில் அந்தப் பூச்சு இருக்கக்கூடாது, சீல் மையும் பிடிக்காது. அதாவது, அடிக்கும்போதே தபாலுக்கு என்று அடிக்கவில்லை. கழிவைக் கொடுத்தேன், அந்த அம்மா என்ன செய்வார்.

அச்சுக்காரருக்குப் போன் எடுத்தால், “அக்கா, பல்க்காகக் கட்டினால் முத்திரை ஒட்டுறதில்லை” என்றார். இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. தபால் நிலையத்தில் கேட்டபோது விளக்கமாகச் சொன்னார்கள். முத்திரை ஒட்டாமல் மெஷினால் அடிக்கலாம், ஆனால் கட்டிய தொகையும் திகதியும் ஒவ்வொரு அட்டையிலும் பதிந்திருக்கும். “கவுண்டரில காசு கட்டினா பற்றுச்சீட்டுக் குடுப்பம், அதைக் கேளுங்க மிஸ்” என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர்.

அச்சுக்காரரிடம் கேட்டேன். மங்கலாக ஒரு பற்றுச்சீட்டுப் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், நாங்கள் டிசைனுக்குச் சரி சொன்ன நாளுக்கு முந்திய திகதி! அச்சடிக்காத அட்டையை எந்தத் தபால் நிலையம் எடுத்தது என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது, அப்புறம் பிளொக்.

பட்டியலில் கொக்கட்டிச்சோலைப் பெரியம்மாவும் அக்கரைப்பற்றில் என் வீட்டுக்காரரின் அண்ணனும் இருந்தார்கள். இருவருக்கும் ஒன்றும் போகவில்லை. வெளிநாடுகளில் விளம்பரத் தபால் தொழில் செய்பவர்கள் வேண்டுமென்றே சொந்த ஆட்களின் விலாசத்தைப் பட்டியலுக்குள் கலந்துவிடுவார்களாம், அட்டை போனதா, எப்போது போனது என்று பார்க்க. நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் வேறு வேறு ஊரில் சிலருடைய விலாசத்தைச் சொல்லாமல் சேர்த்துவிடுங்கள். மிச்சக் காசைத் தபால் நிலையப் பற்றுச்சீட்டின் மூலப்பிரதியைக் கையில் வாங்கிய பிறகு கொடுங்கள். அதைவிட, அச்சை மட்டும் வெளியில் கொடுத்து, லேபலை வீட்டில் ஒட்டி நீங்களே கவுண்டரில் கொடுப்பது நல்லது. நாங்கள் தீபாவளிக்கு அப்படித்தான் செய்யப்போகிறோம்.

காசைவிட எனக்குக் குடைவது அந்த எக்செல் பட்டியல். அதில் தொலைபேசி இலக்கங்களும் இருந்தன. இப்போது எங்கள் வாடிக்கையாளர் சிலருக்கு வேறொரு புடவைக்கடையின் எஸ்எம்எஸ் வருகிறது. அதை இவர்தான் கொடுத்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நாட்டில் ஒன்று இருக்கிறது. வெளியாளுக்குப் பட்டியல் கொடுக்கும்போது பெயரும் விலாசமும் போதும், போன் நம்பரை அழித்துவிட்டுக் கொடுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977க்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். இணக்க சபைக்கும் எழுதப்போகிறேன். ஆளின் பெயரை இங்கே போடமாட்டேன், கொமண்டில் யாரும் கேட்க வேண்டாம். ஆனால் மட்டக்களப்பு நகரில் இதே மாதிரி “எல்லாம் நாங்களே” என்று தபாலட்டைக்குக் காசு கொடுத்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். வட்ஸ்அப் உரையாடலையும் பில்லையும் அழிக்காமல் வைத்திருங்கள், சேர்ந்தே எழுதுவோம்.