வெள்ளி நானோ துகள்: போரோஹைட்ரைடா, சிட்ரேட்டா, இலைச்சாறா?

வெள்ளி நானோ துகள் செய்யும் இந்த மூன்று வழிக்கும் தொடக்கம் ஒன்றுதான்: வெள்ளி நைட்ரேட் கரைசல். வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் தருவது எது, உருவான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது எது என்பதில்தான் வேறுபாடு.

வேகத்தில் சோடியம் போரோஹைட்ரைடு முந்துகிறது. பனிக்கட்டியில் குளிரவைத்த அதன் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சில நிமிடங்களில் மஞ்சள் நிறம் வந்துவிடும். துகள்கள் சிறியவை, 400 நானோமீட்டர் அருகே கூர்மையான ஒளி உறிஞ்சல் முகடு. ஆனால் போரோஹைட்ரைடு நச்சுப் பொருள், தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வேறு வெளியேறும். சிட்ரேட் (சிட்ரிக் அமில உப்பு) வழியில் கரைசலைக் கொதிக்கவிட வேண்டும். துகள்கள் பெரிதாகவும் பல அளவிலும் வரும்.

இலைச்சாற்றில் பாலிஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சேர்மங்கள் எலக்ட்ரான் தருவது, துகளைக் காப்பது என்ற இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கின்றன. பெரும்பாலும் அறை வெப்பமோ மிதமான சூடோ போதும். சிக்கல், சாறு ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது. பருவம், இலையின் முதிர்ச்சி, பிழிந்த விதம் எல்லாமே துகளின் அளவை மாற்றும். சாற்றில் குளோரைடு இருந்தால் வெள்ளி குளோரைடும் கூடவே உருவாகும். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) படத்தில் 38 பாகை அருகே வெள்ளியின் முகடு இருக்க, 32, 46 பாகைகளிலும் முகடுகள் எழுந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம், இலைச்சாற்று வழிக்குத் தரும் 'பசுமை' என்ற பட்டம். போரோஹைட்ரைடோடு ஒப்பிட்டால் அது நியாயம். சிட்ரேட்டோடு ஒப்பிட்டால் அவ்வளவு எளிதில் தர மாட்டேன். சிட்ரேட் ஒன்றும் விஷமில்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் திறனில் இலைச்சாறே வெல்லும் என்பார்கள். டிபிபிஎச் என்ற ஊதா நிறத் தனி உறுப்புச் சேர்மத்தை வைத்துச் செய்யும் சோதனையில் அந்த நிறம் வெளுப்பதை 517 நானோமீட்டரில் அளக்கிறோம். ஆனால் வெளுக்க வைப்பது வெள்ளியா, அதன்மேல் ஒட்டிய பாலிஃபீனாலா? பாலிஃபீனால் தனியாகவே அந்த வேலையை நன்றாகச் செய்யும். துகள்களைக் கழுவாமல் சோதித்தால் மிச்சச் சாற்றுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுகிறோம். போதாததற்கு, வெள்ளியின் சொந்த உறிஞ்சல் 517 வரை நீண்டு அளவைக் குழப்பும். டிபிபிஎச் சேர்க்காத துகள் கரைசலை அளந்து கழித்தாக வேண்டும். வைட்டமின் சி-யோடு மட்டும் ஒப்பிடும் வரைபடம் இதில் எதற்கும் பதில் சொல்லாது.

இன்னொரு முரண்: இதே துகள்கள் பாக்டீரியாவைக் கொல்லும் வழிகளில் ஒன்று, செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்ஸிஜனைப் பெருக்குவது. சோதனைக்குழாயில் ஆன்டிஆக்ஸிடன்ட், செல்லுக்குள் அதற்கு நேர்மாறு. ஆகவே டிபிபிஎச் எண்ணை வைத்து மருந்துக் கனவு காண்பது அவசரம்.

அளவு துல்லியம் முக்கியமான உணரி வேலைக்கு நான் போரோஹைட்ரைடையே எடுப்பேன். நுண்ணுயிரெதிர்ப்புப் பூச்சுக்கு இலைச்சாறு சரி. ஆன்டிஆக்ஸிடன்ட் ஆய்வு என்றால், சாறு தனியாக, சென்ட்ரிஃபியூஜில் கழுவிய இலைச்சாற்றுத் துகள், சிட்ரேட் துகள் மூன்றையும் ஒரே சோதனைத் தட்டில் அருகருகே சோதித்த முடிவைத்தான் நம்புவேன்.