ராஜமலை வரையாட்டுப் பூங்கா: மதுரையிலிருந்து போய்வர ஒரு மதிப்பீடு

மதுரைப் பக்கம் மலை என்றால் கொடைக்கானல்தான். அங்கே கண்ணுக்குத் தெரியும் பைன், யூகலிப்டஸ், வாட்டில் என்கிற சீகை எல்லாமே போன நூற்றாண்டில் பெருமளவில் நட்டு வளர்த்தவை. அதற்கு முன் நம் மேற்குமலைகளின் உச்சி எப்படி இருந்தது என்று பார்க்க ஆசையிருந்தால் மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். ராஜமலை என்று சொன்னால்தான் வண்டிக்காரர்களுக்குப் புரியும்.

பூங்காவின் பரப்பு 97 சதுர கி.மீ. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீ.) இதற்குள்தான் இருக்கிறது. சீட்டு வாங்கிப் போகிறவர்கள் பார்ப்பது ராஜமலை என்ற ஒரு ஓரத்தை மட்டுமே. மறையூர் சாலையில் அஞ்சாம் மைலில் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டத்தின் ஊடாகக் கால் மணி நேர ஏற்றம். இறங்கிய பிறகு ஒன்றரை கி.மீ. போலத் தார்ப்பாதையில் நடை. ஆனைமுடி உச்சிக்கு அனுமதி கிடையாது. அங்கே கூட்டிப்போகிறேன், புலி காட்டுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். காட்டுமாடு, மிளா, செந்நாய், சிறுத்தை எல்லாம் இந்த மலையில் உண்டு. ஆனால் அந்தத் தார்ப்பாதையில் கைமேல் பலன் தருவது வரையாடு ஒன்றுதான்.

அதற்காகவே போகலாம். பழந்தமிழில் வருடை என்று பெயர் பெற்ற விலங்கு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு, பத்தடி தூரத்தில் நின்று புல் மேய்வதை இங்கே சுலபமாகப் பார்க்கலாம். தோட்டத் துரைமார் 1928இல் அமைத்த சங்கம் இங்கே வேட்டையைக் கட்டுப்படுத்தியது. இந்த மலையின் பழங்குடியினரான முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்காததால் இந்த மந்தைக்கு மனிதர் மேல் பயம் விட்டுப்போயிற்று. அதைச் சாக்காக வைத்துச் சிப்ஸ் நீட்டுவதும், முதுகைத் தடவப் போவதும், குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் நின்று செல்ஃபி எடுப்பதும் பெரிய கொடுமை. மனிதரிடம் உப்புத்தின்பண்டம் கிடைக்கும் என்று பழகிய ஆடு பாதையை விட்டு நகராது.

பாதையோரம் நிற்பவை பெரும்பாலும் பெட்டைகளும் குட்டிகளும் இளங்கிடாக்களும்தான். முழு வளர்ந்த கிடாவைத் தேடுகிறவர்கள் பாறை முகட்டைப் பார்க்க வேண்டும். உடம்பு கரும்பழுப்பு, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு. எடை நூறு கிலோ வரை போகும். இனச்சேர்க்கை மழைக்காலத்தில். அப்போதுதான் கிடாக்கள் மந்தைக்குள் வரும், ஆனால் அப்போது பனிமூட்டம் எதையும் காட்டாது. சீழ்க்கை போன்ற ஒலி கேட்டால் பறவை என்று நினைக்காதீர்கள், மந்தைக்குக் காவல் நிற்கும் ஆடு எச்சரிக்கிறது. அடுத்த நொடி எல்லாம் மேல்நோக்கி ஓடும், ஏனென்றால் செங்குத்துப் பாறைதான் அவற்றுக்குக் கோட்டை.

ஆட்டைப் படம் எடுத்ததும் திரும்பிவிடுகிறவர்கள் பாதிதான் பார்த்தவர்கள். நின்று மலையைப் பாருங்கள். சரிவெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலை. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் எல்லை. மார்கழி, தை இரவுகளில் திறந்த சரிவில் உறைபனி விழுந்து மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். காற்றும் மண்ணின் ஆழமின்மையும் காட்டுத்தீயும் சேர்ந்துகொள்ளும். பள்ளத்தில் ஈரமும் மறைப்பும் இருப்பதால் அங்கே மரம் நிலைக்கிறது. புல்வெளியில் தனியே முறுக்கிக்கொண்டு நிற்கும் மரம் காட்டுப்பூவரசு, குளிர்காலத்தில் சிவக்கப் பூக்கும். தீயும் பனியும் தாங்குகிற பட்டை அதற்கு. வெறும் புல்லாயிற்றே என்று மரம் நட்டதால்தான் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் இந்தப் பரப்பு சுருங்கிப் போனது.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006, 2018இல் பூத்தது, அடுத்து 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் யார் குறிஞ்சி பார்க்கலாம் என்று அழைத்தாலும் அது வேறு இனம், அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பருவம் தவறிய செடி. இன்னொன்று, நம்மூர்க்காரர்கள் பலரும் கேட்பது: இந்தத் தண்ணீர் வைகைக்கு வருமா? வராது. மூணாறு ஓடைகள் முதிரப்புழையாகி, வைகைக்குத் தண்ணீர் திருப்பிவிடும் முல்லைப்பெரியாறு அணைக்குக் கீழேதான் பெரியாற்றில் சேர்கின்றன. கிழக்கே இறங்குவது பாம்பாறு, அது அமராவதிக்குப் போகிறது.

எப்போது போவது? பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் குட்டி ஈனும் காலம், வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள். திறந்தவுடன் ஏப்ரல் முதல் பாதியில் போனால் குட்டிகளோடு மந்தை, கூட்டமும் குறைவு. மே மாதமும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் வேண்டாம், வரிசையிலேயே பொழுது போய்விடும். அக்டோபர் பாதிக்கு மேல் மழை பார்த்துப் போகலாம். காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். முதல் இரண்டு பேருந்துகளில் ஏறினால்தான் பலன், ஏனென்றால் பத்து பதினோரு மணிக்கு மேல் மூட்டம் ஏறினால் ஆனைமுடி இருக்கும் திசையே தெரியாது. சீட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்பே வாங்கிவிடுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி வழியாக மூணாறு ஏறக்குறைய 155 கி.மீ. நான்கரை மணி நேரம் வையுங்கள். அதிகாலை மூன்றுக்குக் கிளம்பி போடிமெட்டு ஏறுவதைவிட முந்தின நாள் போய்த் தங்குவது நல்லது. போடி வரை ரயில் உண்டு, ஆனால் காலை ரயிலைப் பிடித்து அன்றே ராஜமலை பார்க்கும் எண்ணம் பலிக்காது. டீசலைப் போடியிலேயே நிரப்புங்கள். வாடகை வண்டி என்றால் கேரள பர்மிட் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். பெருமழையில் தேவிகுளத்துக்கு முன்னால் கேப் ரோட்டில் மண் சரியும், விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

ஸ்வெட்டர் ஒன்று, மடக்குக் குடைக்குப் பதில் மழைக்கோட்டு (காற்றில் குடை திரும்பிக்கொள்ளும்), ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர். பிளாஸ்டிக் பையோடு போகாதீர்கள். ஆட்டுக்கு பைனாகுலர் தேவைப்படாது. முகட்டுக் கிடாவுக்கும், புல்லில் ஓடும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவைக்கும் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர் போதும். கை நடுங்கினால் 10 மடங்குக் கருவி படத்தையும் ஆட்டும். மூட்டத்தில் போன் படம் சாம்பலாக வந்தால் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சிரமம். பாதி தூரத்தில் நின்றாலும் ஆடு கண்ணில் படும்.

திரும்பும்போது மூணாறை மூன்று மணிக்குள் விட்டால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் வெளிச்சத்தில் இறங்கலாம். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே விடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கருகும் வாடை வரும், பிடிப்பு குறையும். அப்படி வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிரம்மிலோ டிஸ்க்கிலோ தண்ணீர் ஊற்றாதீர்கள்.