கடலோரத்தில் வீடு எடுக்கப் போகும் மலைநாட்டுக் குடும்பங்களுக்கு

ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் யாராவது போனில் வீட்டுப் படம் காட்டி, "கடலோரம், கொழும்புக்கு முக்கால் மணித்தியாலம், வாடகையும் குறைவு" என்று பேச வந்தால், காசை எடுக்குமுன் இதை வாசித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 245,000 ரூபாய். ஆறு மாத முற்பணம் 210,000, தரகருக்கு ஒரு மாத வாடகை 35,000. அதில் முக்கால்வாசி, என் அம்மா 31 வருடம் கொழுந்து பறித்ததற்குக் கிடைத்த சேமலாப நிதிக் காசு.

என் வீட்டுக்காரர் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். எட்டு வருடமாகக் கொட்டாஞ்சேனையில் போர்டிங் வாழ்க்கை. ஹட்டனிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில் பாதையில் 170 கிலோமீட்டருக்கு மேல். கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று பஸ்ஸில் வந்தாலும் அரை நாள் போய்விடும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு வந்து, ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார். மகள் அவரிடம் போக வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். அதைப் பார்த்த பிறகுதான், அவர் தினமும் வேலைக்குப் போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு வீடு எடுத்து எல்லோரும் கீழே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். கடலோரம் வேண்டும் என்றது நான். எங்கள் ஊர் கோட்டகலைக் குளிரில் மகளுக்கு அடிக்கடி இழுப்பு வரும், சூடான ஊரில் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எல்லாம் எங்கள் கைக்கு எட்டாது. வத்தளைப் பக்கம் நம்ம ஊர்ச் சனம் நிறைய இருக்கிறது, ஆனால் நாங்கள் பார்த்த வீடுகள் எல்லாம் சின்னது, வாடகை பெரியது. நீர்கொழும்பைப் பற்றி விசாரிக்கலாம் என்று இருந்தபோதுதான் ஒரு கல்யாண வீட்டில் இந்தத் தரகர் அறிமுகமானார். பொகவந்தலாவைப் பக்கம் பிறந்தவராம். தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், தேர் எந்தப் பாதையால் சுற்றும் என்பதுவரை சரியாகச் சொன்னார். என்னைத் தங்கச்சி என்றார், வீட்டுக்காரரை மச்சான் என்றார். கொழும்புக்குத் தெற்கே, கடலோரத்து வாதுவையில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார். ஒப்பந்தத்தைக் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்தபோது, "தங்கச்சி குடும்பத்தை நான் தெருவில விடுவேனா மச்சான்?" என்று அவர் கேட்டதில் எங்கள் வாய் அடைத்துவிட்டது.

வீடு பார்க்க அவர் எங்களைக் கூட்டிப் போனது பெப்ரவரி மாதப் போயா தினத்தன்று. அந்த நாளை அவர்தான் குறித்தார். லீவு நாள் என்பதால் ரயில் காலியாக இருந்தது, கால் நீட்டி உட்கார்ந்து போனோம். மேற்குக் கரையில் அந்த மாதத்தில் கடல் அடங்கிக் கிடக்கும். மகள் முதல்முதலாகக் கடலைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்து நீர்த்தேக்கத்தை நினைத்து, "அப்பா, இது காசல்ரீயா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். வாசலில் நின்றபடியே தரகர் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார், ஆளுக்கு ஒன்று. அதனால் அந்த வீட்டுத் தண்ணீரை ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து லொறியில் சாமான் இறக்கினோம். மறுநாள் விடியற்காலை அம்மா தேத்தண்ணி ஊற்றினார். தோட்டத்திலிருந்து கொண்டுபோன தூள்தான். சாயம் சிவப்பாக இறங்காமல் கறுத்துப் போய், மேலே மெல்லிய ஆடை ஒன்று படிந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இது நம்ம தூளு இல்லையே" என்றார். தூள் நம்முடையதுதான், கிணற்றுத் தண்ணீர்தான் உப்பு. சவர்க்காரம் போட்டால் நுரை வராது. குசினியில் குழாய் இருந்தது, வெளியே மீட்டரும் இருந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை. ரிப்பேர், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். பில் கட்டாததால் வெட்டிவிட்டார்கள் என்பது ஜூனில்தான் தெரிந்தது. அந்தக் குழாயை முதல் நாளே திறந்து பார்த்து, பில்லைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் மிச்சக் கதையே நடந்திருக்காது. பில்லில் வேறொருவர் பெயர் இருந்திருக்கும், நிலுவையும் எழுதியிருந்திருக்கும். வீடு பார்க்கப் போகும்போது ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொண்டுபோய், அந்த வீட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றிப் பாருங்கள். நமக்குத் தெரியாத ருசியா?

முக்கால் மணித்தியாலம் என்றதும் பொய். வாதுவையிலிருந்து கோட்டை சுமார் 35 கிலோமீட்டர். காலையில் அளுத்கமை, களுத்துறைப் பக்கமிருந்து வரும் ரயில் வாதுவையில் நிற்கும்போது உட்கார இடமே இருக்காது. வீட்டுக்காரர் கதவோரம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு போவார். மழை பெய்தால் சட்டை நனைந்தபடியே கடைக்கு. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, ரயிலுக்குக் காத்திருப்பு, பயணம், கோட்டையிலிருந்து கடைக்கு நடை எல்லாம் சேர்த்தால் போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. கொழும்புக்குச் சில ரயில்கள் பாணந்துறையிலிருந்தே புறப்படுகின்றன. அங்கே ஏறினால் இடம் கிடைக்கும். வாதுவைக்கும் பாணந்துறைக்கும் இடையில் பின்வத்தை மட்டும்தான். அந்த இரண்டு ஸ்டேஷன் வித்தியாசத்தில் ஒரு மனிதன் தினமும் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கிறது. வீடு பார்ப்பதானால் திங்கட்கிழமை காலையில், வேலைக்குப் போகிறவர்களோடு அதே ரயிலில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பியது. பெப்ரவரியில் பார்த்த கடலா இது என்று இருந்தது. இரவெல்லாம் இரைச்சல், ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசு என்று உப்பு ஒட்டும். என் தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்கும் தட்டில் பழுப்பு நிறத்தில் துரு பூத்துவிட்டது. எண்ணெய் போட்டுத் துடைத்தால் மூன்றாம் நாள் மறுபடியும். நான் பிளவுஸ் தைத்துத்தான் வீட்டுச் செலவில் கொஞ்சம் தாங்குகிறேன். பக்கத்து வீட்டு ஆச்சி, சிங்களப் பெண்மணி, 2004 டிசம்பர் 26ஆம் திகதி எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையைக் காட்டிச் சொன்னார். அவரிடம் நாங்கள் பெப்ரவரியிலேயே பேசியிருக்க வேண்டும்.

"பக்கத்திலேயே தமிழ்ப் பாடசாலை" என்ற பேச்சும் அப்படித்தான். பாடசாலை பக்கத்தில் இருப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. தரம் ஒன்றுக்குச் சேர்க்கும்போது வீடு பக்கத்தில் இருப்பதற்குப் புள்ளி போடுவார்கள். அதற்கு முந்திய ஐந்து வருடத்து வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார்கள். நேற்று குடி வந்தவருக்கு அதில் என்ன இருக்கும்? பிள்ளைக்காக ஊர் மாறுகிறவர்கள் அந்த வருடத்துச் சுற்றறிக்கையை முதலில் வாங்கிப் படியுங்கள்.

ஜூன் நடுவில் ஒரு காலை மூன்று பேர் வந்து கேட்டைத் தட்டினார்கள். வீட்டின் சொந்தக்காரர் இத்தாலியில் இருக்கிறாராம், வந்தவர் அவருடைய தம்பி. எங்களிடம் முற்பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்ட ஆள், அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர். பல மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு, வீட்டை எங்களிடம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். தரகரின் போன் அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினோம். கடையில் வாங்கிய அச்சுப் படிவம், முத்திரை ஒட்டி, முழுக்கச் சிங்களத்தில். என் வீட்டுக்காரருக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்கத் தடுமாறுவார். தம்பி அதை வாங்கி வாசித்துவிட்டு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். ஹிமிகரு, அதாவது உரிமையாளர், என்று இருக்க வேண்டிய இடத்தில் பதிஞ்சிகரு என்று இருந்தது. குடியிருப்பவர். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை தங்கச்சியும் மச்சானும்.

பொலிஸில் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இது சிவில் விஷயம் என்றார்கள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். தமிழும் அரசகரும மொழி, தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அந்தத் துணிவு வரவில்லை, நீங்கள் கேளுங்கள். வழக்குக்கு முன்னால் சமரசம் பேசி வைக்கும் இணக்க சபைக்கும் போனோம். முற்பணம் வாங்கிய அந்த ஆள் ஒரு தவணைக்கும் வரவில்லை. இணக்கம் ஏற்படவில்லை என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை வைத்து வழக்குப் போடலாம் என்கிறார்கள். வழக்குச் செலவுக்கு வேண்டிய காசும் அந்த 245,000இல்தான் போனது.

கொழும்பில் ஒரு வக்கீல் விளக்கியதைச் சொல்கிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். கடைப் படிவம் போதாது. வீட்டின் உறுதிப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். அதில் உள்ள பதிவு விவரத்தைக் காணிப் பதிவகத்தில் கொடுத்துக் கட்டணம் கட்டினால், சொந்தக்காரர் யார் என்று பார்க்கலாம். வீட்டுக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டையும் பாருங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால், கையெழுத்துப் போடுகிறவரிடம், அவருக்குப் பதிலாகச் செயல்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று கேளுங்கள். நொத்தாரிசை நீங்களே தேடிப் பிடியுங்கள், தரகர் காட்டுகிற ஆள் வேண்டாம். காணி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். கடற்கரை வலயம் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர்வரை உள்ளே வருகிறது. அதற்குள் வீடு கட்ட அனுமதி வேண்டும்.

இத்தாலிக்காரரின் தம்பி நல்ல மனிதர். மாதக் கடைசிவரை இருக்கச் சொன்னார், வெட்டிய தண்ணீரையும் கட்டித் திறந்து கொடுத்தார். ஜூலை முதல் வாரம் கோட்டகலைக்குத் திரும்பினோம். அம்மா இன்றுவரை அந்தக் காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்காரர் பழைய போர்டிங்குக்கே போய்விட்டார். மறுபடியும் இறங்குவதானால் நீர்கொழும்பைத்தான் பார்ப்போம். விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி அங்கே இருக்கிறது, கடற்கரைத் தெருவில் அம்மன் கோவில் இருக்கிறது, கொழும்புக்கு ரயிலும் இருக்கிறது, 240ஆம் நம்பர் பஸ்ஸும் இருக்கிறது. இந்தத் தடவை போயா நாளில் போக மாட்டோம்.

அந்தத் தரகர் இன்னும் ஊருக்குள் நடமாடுகிறார். போன கிழமை டிக்கோயாவில் ஒரு வீட்டில் அதே வீட்டின் படங்களைக் காட்டியிருக்கிறார். நீல நிறக் கேட், வலது பக்கம் மதிலோடு சாய்ந்த செவ்விளநீர் மரம், திண்ணையில் இரண்டு சிவப்புக் கதிரை. அந்தக் கதிரை இரண்டும் எங்களுடையவை.