நூலும் தூக்குக்குண்டுமா, கம்ப்யூட்டர் அலைன்மெண்டா?

கார் சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிபார்ப்பதுதான் அலைன்மெண்ட். அதை நூல் கட்டி அளப்பதா, கடையில் கம்ப்யூட்டரில் பார்ப்பதா என்றால், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு நூலுக்குத்தான். கடைக்கும் போகத்தான் வேண்டும், ஆனால் ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசியாக.

பழைய ஆம்னியின் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் பைப் சேஸிஸில் (பைப்பால் செய்த வண்டிச் சட்டத்தில்) ஏற்றிக் கட்டிய சின்ன கார் என்னுடையது. முன்பக்கம் மட்டும் ஆம்னியின் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் தூண்) ஒதுக்கிவிட்டு, மேலொன்று கீழொன்றாக இரண்டு விஷ்போன், அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் V வடிவக் கை போட்டேன். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்ளே) மைனஸ் ஒன்றரை டிகிரி, காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் கோணம்) 5 டிகிரி, டோ-இன் (இரண்டு சக்கரமும் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மொத்தம் 2 மி.மீ. இதுதான் நான் எட்ட நினைத்த கணக்கு. கும்பகோணம் பக்கம் நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் நூல் கட்டி ஒருமுறையும், தஞ்சாவூரில் கேமரா வைத்த அலைன்மெண்ட் கடையில் ஒருமுறையும் அளந்தேன்.

களத்தில் முதல் பிரச்சினை தரை. பார்க்க மட்டமாகத்தான் இருக்கும், ஆனால் மழைத்தண்ணீர் வடிய வாட்டம் விட்டுத்தானே போட்டிருப்பார்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிப் பார்த்தால், இடது டயருக்கும் வலது டயருக்கும் 10 மி.மீ. வித்தியாசம். 1270 மி.மீ. அகலத்தில் 10 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட அரை டிகிரி, அதாவது நான் வைக்க நினைத்த கேம்பரில் மூன்றில் ஒரு பங்கு தரையிலேயே ஒளிந்திருந்தது! தாழ்ந்த பக்கம் டைல்ஸ் துண்டுகளை அடுக்கிச் சமன் செய்தேன். டயர் பக்கவாட்டில் தாராளமாக நகர, இரண்டு டைல்ஸுக்கு நடுவே கிரீஸ் தடவி, யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை வெட்டி வைத்தேன். ஓட்டுபவர் எடைக்கு நெல் சிப்பம் இரண்டு. கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு 40 கிலோ பிடிக்கிறார்கள், நானும் சரியாக 80 கிலோ, அதனால் கணக்கு சுலபமாகப் போயிற்று. கடையில் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. அங்கே நாம் காசு கொடுப்பது கேமராவுக்கு இல்லை, மட்டமான தளத்துக்கு என்பது என் கட்சி.

டோ பார்க்க, காரின் முன்னும் பின்னும் ஒரே அளவில் வெட்டுப்போட்ட இரண்டு பைப்பைச் சேஸிஸோடு கட்டி, இருபுறமும் நூல் இழுக்க வேண்டும். கொத்தனார் நூலைவிடத் தூண்டில் நரம்பு நல்லது, மெலிசு, தொய்யாது. ஆனால் ஆடி மாசம் இந்த வேலையில் இறங்காதீர்கள். அம்மியே பறக்கும் காற்றில் நரம்பு நடுங்கிக்கொண்டே இருந்ததால், ஒரு நாள் முழுக்க வீணாகி, மறுநாள் விடியற்காலையில் எழுந்து முடித்தேன். இன்னொரு விஷயம், நூல் சக்கரத்துக்கு அல்ல, காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கவேண்டும். என் காரில் இரண்டு சக்கரங்களுக்கு இடையே முன் அகலம் 1270 மி.மீ., பின் அகலம் 1240. ஆகவே பின் சக்கரத்தின் மையம் நூலிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 15 மி.மீ. கூடுதலாகத் தள்ளி இருக்கும். இடதும் வலதும் சமமா என்று பார்க்க ஸ்கேல்கூட வேண்டாம், ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து வைத்துப் பார்த்தாலே போதும். பக்கத்துச் சுவாமிமலையில் தென்னையோலையை மடித்துத்தானே சிலைக்கு அளவு எடுக்கிறார்கள்.

விளிம்புக்கு விளிம்பு 350 மி.மீ. உள்ள ரிம்மில் 6 மி.மீ. சாய்வு ஒரு டிகிரி கேம்பர். நல்ல ஸ்டீல் ஸ்கேலில் அரை மி.மீ. படிக்க முடிந்தால் பிழை பத்தில் ஒரு டிகிரிக்கும் கீழேதான். ரிம் வளைந்திருந்தால்தான் வம்பு. நம் ரோட்டில் வளையாத ரிம் ஏது? கடையில் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி அந்த வளைவை மிஷினே கழித்துவிடும். களத்தில் ரிம்மில் ஒரு சாக்பீஸ் புள்ளி வைத்து, டோவுக்கு அது முன்னால், கேம்பருக்கு மேலே இருக்கும்போது ஒரு அளவு, அரைச் சுற்று உருட்டி அதே புள்ளி பின்னாலோ கீழேயோ வந்ததும் இன்னொரு அளவு எடுத்தால் வளைவு கழிந்துவிடும். நேரம்தான் பிடிக்கும்.

காஸ்டரில் தூக்குக்குண்டு மிஷினையே தோற்கடித்தது. மிஷின் ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பச் சொல்லி, கேம்பர் மாறுவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. எனக்கோ விஷ்போன் நுனியில் சக்கரம் திரும்பும் மூட்டுகளான மேல் பால் ஜாயிண்டும் கீழ் பால் ஜாயிண்டும் கண்ணெதிரே தெரிகின்றன. மேலிருந்து குண்டைத் தொங்கவிட்டேன், இரண்டுக்கும் உயர வித்தியாசம் 220 மி.மீ., கீழ் ஜாயிண்ட் நூலுக்கு 19 மி.மீ. முன்னால் நின்றது. 5 டிகிரி, முடிந்தது வேலை. ஸ்ட்ரட் வைத்த வண்டியில் மேல் மையம் உள்ளே ஒளிந்திருப்பதால் இது நடக்காது. அவர்கள் பேசாமல் கடைக்கே போகலாம்.

கடைக் கதைக்கு வருவோம். பதிவு இல்லாத வண்டி ரோட்டில் போக முடியாது, மினி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனேன். அடிப்பாகம் தாழ்வு என்பதால் சாய்தளத்தில் ஏற இரண்டு பலகை போடவேண்டியிருந்தது. ஸ்கிரீன் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்டது. கடைப் பையன் யோசிக்காமல் மாருதி 800 என்று அழுத்திவிட்டான். அந்தக் கார் கணக்குக்கு ஒத்துவராததால் முன் இரண்டு சக்கரமும் சிவப்பு. “அண்ணே, ரெட்ல இருக்கு, கிரீனுக்குக் கொண்டு வந்துடவா?” என்று ஸ்பானரோடு குனிந்துவிட்டான். “வேணாம் தம்பி, நம்பரை மட்டும் பிரிண்ட் போட்டுக் குடு” என்றேன். இன்னும் ஒரு நிமிடம் டீக்கடையில் நின்றிருந்தால் மூன்று நாள் வேலை போயிருக்கும். ஆனால் நூல் காட்டாத ஒன்றை மிஷின் காட்டியது. பின் ஆக்சில் நடுக்கோட்டுக்குச் சதுரமாக இல்லை, லேசாக வலப்பக்கம் திரும்பியிருந்தது. களத்தில் முன்சக்கரத்திலேயே கண்ணாக இருந்ததால் பின்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நான் அளக்கவே இல்லை.

அந்தக் கடையில் செய்ய முடியாதது, சக்கரம் ஏறி இறங்கும்போது டோ எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. என் ரேக் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) ஆக்சிலுக்கு முன்னால் இருக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தைப் பத்துப் பத்து மி.மீ.ஆக ஏற்றினேன். 40 மி.மீ. ஏறும்போது டோ 3 மி.மீ. உள்ளே போனது. ஒரு பள்ளம் வந்தால் கார் தானாகத் திரும்பியிருக்கும். ரேக் தாழ இருந்ததுதான் காரணம். லேத் பட்டறையில் 6 மி.மீ. தகடு வெட்டி வாங்கி ரேக்குக்கு அடியில் கொடுத்ததும் 1 மி.மீ.க்கும் கீழே வந்துவிட்டது. ரேக்கைத் தூக்கினால் டோ கலைந்துவிடும், ஆகவே மறுபடி நரம்பு கட்டினேன். அன்றைக்குக் காற்று இல்லை.