சேலை விற்க எது உதவும்: இன்ஸ்டாகிராமா, வாட்ஸ்அப்பா, யூடியூபா?

மதுரையில் சிறு வணிகர்களுக்கு வலைத்தளம் அமைத்துத் தருவது என் தொழில். என் அக்கா சுங்குடிச் சேலை விற்கிறாள்; துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் சேலை அது. அவளுக்கென்று ஒரு வலைத்தளம் உண்டு. அதைக் கட்டிக்கொடுத்ததும் நான்தான், அதில் ஆள் வரவில்லை என்று திட்டு வாங்குவதும் நான்தான்.

போன ஆண்டு அவள் இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல், அதாவது குறுங்காணொளி, போட்டாள். சாயம் தோய்த்துக் காயவைத்த சேலையை இரண்டு பெண்கள் இரு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். முடிச்சுகள் படபடவென்று அவிழ, அரக்கு நிறத்துக்குள்ளிருந்து வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக எட்டிப் பார்க்கின்றன. அவ்வளவுதான், இருபது விநாடி. மறுநாள் காலைக்குள் லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். "தம்பி, இன்னும் ஐம்பது சேலைக்கு முடிச்சுப் போடச் சொல்லட்டுமா?" என்று விடியற்காலையிலேயே அழைத்தாள். கொஞ்சம் பொறு என்றேன். வாரக் கடைசியில் வலைத்தளத்தின் கணக்கைத் திறந்து பார்த்தோம். அந்த ரீல் வழியாக வந்த ஆர்டர் நான்கு. அதே வாரம் வாட்ஸ்அப்பில் இருநூறு சொச்சம் பேருக்கு அனுப்பிய மூன்று படங்களுக்குப் பதினேழு ஆர்டர்.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு "இன்ஸ்டாகிராம் வெட்டி வேலை" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள் அக்கா. அந்தப் பதினேழு பேரையும் கூப்பிட்டு, எங்களை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்கச் சொன்னேன். ஆறு பேர் சொன்ன பதில் இன்ஸ்டாகிராம். சிலர் பல மாதங்களுக்கு முன்பு ஏதோ ஒரு ரீலைப் பார்த்து எண்ணைச் சேமித்து வைத்தவர்கள். அன்றிலிருந்து எந்தச் சமூக ஊடகத் தளம் பெரியது என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். வணிகர்களிடம் இரண்டே கேள்விதான் கேட்கிறேன்: இந்தத் தளம் ஆளை உங்கள் வலைத்தளத்துக்கு அனுப்புகிறதா? வந்து போனவரின் தொடர்பு உங்கள் கையில் மிஞ்சுகிறதா?

திருவிழாக் கடையும் துணி மூட்டையும்

சித்திரைத் திருவிழாவில் கடை போடுவதற்கும், துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெரிந்த வீடுகளுக்குப் போய் விற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதில் கூட்டம், யார் என்றே தெரியாது. இரண்டாவதில் பத்து வீடு. ஆனால் எந்த வீட்டில் எப்போது கல்யாணம் என்பது வரை தெரியும்.

இன்ஸ்டாகிராமின் பலம் முன்பின் தெரியாதவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. 2020 ஜூன் கடைசியில் குறுங்காணொளிச் செயலியான டிக்டாக்கை இந்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது. உங்களைப் பின்தொடராதவர் கைப்பேசியிலும் உங்கள் ரீல் ஓடும். ஆயிரம் பேர்கூடப் பின்தொடராத ஒரு கடையின் காணொளி லட்சம் பேரிடம் போவது அதனால்தான்.

வலைத்தளக்காரருக்கு அங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பதிவின் கீழ் எழுதும் குறிப்பில் இணைப்பைக் கொடுத்தால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டால் திறக்காது. சுயவிவரப் பகுதியில் ஐந்து இணைப்புகள் வரை கொடுக்கலாம். ஒரு நாள் மட்டும் தெரியும் ஸ்டோரியில் இணைப்பு ஒட்டலாம், ஆனால் அதைச் சுயவிவரத்தில் நிலைத்து நிற்கும் ஹைலைட்டில் சேர்க்காவிட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆக, ரீல் பார்த்தவர் உங்கள் பெயரைத் தொட்டு, சுயவிவரத்துக்குப் போய், இணைப்பைத் தேடித் தொட்டு, தளம் திறக்கும்வரை காத்திருந்து, அங்கே அந்தச் சேலை எங்கே என்று தேட வேண்டும். இத்தனை படி ஏறுவதற்குள் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். அக்கா செய்த தவறும் இதுதான்: சுயவிவரத்தில் முகப்புப் பக்கத்தின் இணைப்பு இருந்தது. ரீலில் வந்த அரக்குச் சேலையின் பக்கத்தையே அங்கே வைத்திருக்க வேண்டும். அடுத்த ரீலுக்கு அப்படிச் செய்தோம். பார்த்தவர்கள் குறைவு, வாங்கியவர்கள் அதிகம்.

இன்னொன்று, விலையை மறைக்கும் பழக்கம். "விலை?" என்று ஐம்பது பேர் கருத்திடுவார்கள், கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தி பார்க்கவும் என்று பதில் போடுவார். இப்படிக் கருத்துகள் குவிந்தால் காணொளி இன்னும் பரவும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. விலைச்சீட்டை மடித்து உள்ளே செருகிய கடையில் நான் எதையும் எடுத்துப் பார்ப்பதில்லை.

வாட்ஸ்அப் வேறு மாதிரி. சிறு வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் வந்தது. இலவசம். அதன் காட்டலாகில், அதாவது பொருள் பட்டியலில், 500 பொருட்கள் வரை வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வலைத்தளப் பக்கத்தின் இணைப்பைத் தனியாகக் கொடுக்க இடம் உண்டு. பலர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவைத்திருப்பதைப் பார்க்கிறேன்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில்தான் சூட்சுமம். ஒரு பட்டியலுக்கு 256 பேர். அதிலும், உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இது தெரியாமல் "அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை" என்று புலம்புகிறவர்கள் நிறைய. அக்கா பார்சலுக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறாள், அவள் கையெழுத்தில்: "இந்த எண்ணை 'சுங்குடி அக்கா' என்று சேமித்துக்கொள்ளுங்கள். புதுச் சேலை வந்தால் கடையில் ஏற்றுவதற்கு முந்தின நாளே உங்களுக்குப் படம் வரும்." என் தொழிலில் நான் பார்த்த விளம்பர உத்திகளில் இவ்வளவு மலிவானதும் இவ்வளவு பலித்ததும் வேறில்லை. அது நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சேனலில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் சேர்ந்தவர்களின் எண் உங்களுக்குத் தெரியாது. அவர்களோடு அங்கே உரையாடவும் முடியாது. பேரம் பேசாமல், நிறம் கேட்காமல் சேலை வாங்குகிறவர் உண்டா? ஒலிபெருக்கியில் கூவலாம்; சேலை விற்க அது போதாது.

குறை? வாட்ஸ்அப் தானாகப் புது ஆளைக் கொண்டுவராது. நேரத்தையும் தின்றுவிடும். ஒரு சேலைக்கு இருபது கேள்வி: நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா, கையால் கட்டியதா அல்லது மெழுகு அச்சா. இதற்கெல்லாம் பதிலை வலைத்தளத்தில் அந்தச் சேலையின் பக்கத்திலேயே ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் இணைப்பை மட்டும் அனுப்பலாம். வலைத்தளம் தன் சம்பளத்தை ஈட்டுவது இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. ஒரே அழுத்தலில் பத்தாயிரம் பேருக்கு வாட்ஸ்அப் அனுப்பித் தருகிறேன் என்று ஒருவர் மென்பொருள் விற்க வந்தார். என்னிடம் வேலை கொடுத்திருந்த ஒரு வியாபாரி எனக்குத் தெரியாமல் அதை வாங்கிப் பயன்படுத்தினார். மூன்றாம் நாள் அவருடைய எண் முடங்கியது. பல ஆண்டு வாடிக்கையாளர்கள் அறிந்த எண் அது. அனுமதி பெற்ற வழியில் பெருமளவு அனுப்ப வாட்ஸ்அப்பிலேயே கட்டண முறை உண்டு. சிறு கடைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

யூடியூப்: மெதுவாக விளையும் பயிர்

ரீலின் ஆயுள் சில நாட்கள். யூடியூபில் போட்ட எட்டு நிமிடக் காணொளியை மூன்று ஆண்டு கழித்தும் யாரோ தேடி எடுத்துப் பார்க்கிறார்கள். "சுங்குடிச் சேலையை முதல் தடவை துவைப்பது எப்படி" என்று அக்கா பேசிய காணொளி அப்படித்தான் இன்னும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒளியமைப்பு கிடையாது, பின்னணியில் குக்கர் விசில் அடிக்கிறது. கேள்விக்குப் பதில் இருக்கிறது, மக்களுக்கு அது போதும்.

ஆனால் யூடியூபுக்குள்ளேயே இரண்டு யூடியூப் இருக்கின்றன. ஷார்ட்ஸ் எனும் குறுங்காணொளிகள் ஓடும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்: அதன் விவரக் குறிப்பிலும் கருத்துகளிலும் தரும் இணைப்புகள் 2023 ஆகஸ்ட் 31 முதல் தொட்டால் திறப்பதில்லை. மோசடி இணைப்புகளைத் தடுக்க யூடியூப் எடுத்த நடவடிக்கை அது. நியாயம்தான், ஆனால் நம் கதவும் சேர்ந்து அடைபட்டது. ஷார்ட்ஸிலிருந்து உங்கள் நீண்ட காணொளிக்கு இணைப்புக் கொடுக்க வழி இருக்கிறது. நீண்ட காணொளியின் விவரக் குறிப்பிலிருந்து தளத்துக்கு வரலாம். சுற்றுவழி. ஏற்கெனவே நீண்ட காணொளி வைத்திருப்பவருக்கு மட்டும் பயன்படும்.

ஃபேஸ்புக்

இளைஞர்கள் போய்விட்டார்கள், அது செத்துவிட்டது என்கிறார்கள். சேலை வாங்குகிறவர் யார் என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அக்காவிடம் வாங்குகிற ஓய்வுபெற்ற ஆசிரியைகளில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். இணைப்பு கொடுத்தால் திறக்கும். அதே சமயம், நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை, நிறுவனங்களின் பதிவுகள் குறைவாகத் தெரியும் என்று 2018 ஜனவரியிலேயே மார்க் சக்கர்பெர்க் அறிவித்துவிட்டார். பக்கம் தொடங்கிப் பதிவு போட்டால் தானாக ஆள் வரும் காலம் அன்றோடு முடிந்தது. ஃபேஸ்புக்கில் இலவசம் எதிர்பார்ப்பவர் நேரத்தை இழப்பார்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதென்றால், பதிவின் கீழே தெரியும் 'பூஸ்ட்' பொத்தானை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். பெரும்பாலும் அது விருப்பக் குறிகளைத்தான் வாங்கித் தரும். விளம்பர மேலாளர் (Ads Manager) பகுதிக்குப் போய், வலைத்தளத்தில் விற்பனை என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே பணத்துக்கு அர்த்தம். கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு சேலையில் நிற்கும் லாபத்தைவிட ஓர் ஆர்டருக்கு ஆகும் விளம்பரச் செலவு அதிகமானால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். அக்கா இரண்டு வாரம் தள்ளி நிறுத்தினாள்.

ஒன்றாய் இருண்ட இரவு

2021 அக்டோபர் 4, திங்கள் இரவு ஒன்பது மணி தாண்டியதும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நின்றுபோயின. ஏறக்குறைய ஆறு மணி நேரம். நவராத்திரிக்கு மூன்றே நாள் இருந்தது. சேலை வியாபாரிகளுக்கு அது எப்படிப்பட்ட வாரம் என்று சொல்லத் தேவையில்லை. இன்ஸ்டாகிராமை 2012இலும் வாட்ஸ்அப்பை 2014இலும் ஃபேஸ்புக்தான் வாங்கியது. மூன்று தளத்தில் கணக்கு வைத்திருக்கிறேன், அதனால் பயமில்லை என்பவர்கள் உண்மையில் ஒரே கிளையில் மூன்று கூடு கட்டியிருக்கிறார்கள்.

கூகுளும் விதிவிலக்கல்ல. கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தெரியும் கடை விவரப் பக்கத்தோடு சேர்த்து அவர்கள் இலவசமாகக் கொடுத்த குட்டி வலைத்தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அந்த முகவரியைப் பெயர்ப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்திருந்த கடைகள் எத்தனையோ. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்துச் சொந்தப் பெயரில் முகவரி வாங்கச் சொல்லி நான் நச்சரிப்பது இதற்காகத்தான். ஆனாலும் கூகுள் கடை விவரப் பக்கம் கட்டாயம் வேண்டும்: இலவசம், ஒருநாள் வேலை, வாடிக்கையாளர்களின் மதிப்புரை அங்கே சேரும், வலைத்தள இணைப்பு அங்கே திறக்கும்.

வேறு தொழிலுக்கு

மரச்செக்கு எண்ணெய் விற்பவர் என்னிடம் வந்தால் இன்ஸ்டாகிராமைப் பற்றிப் பேசவே மாட்டேன். மாதம் ஒருமுறை தீர்ந்துபோகிற பொருள். தீரும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டல் போனால் போதும். அவருக்கு நான் சொல்வது வேறு: உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைத் தளத்தில் தெரியும்படி போடுங்கள், "சர்க்கரை நோய் குணமாகும்" என்று எந்தப் பதிவிலும் எழுதாதீர்கள். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. ஏ.சி. பழுதுபார்ப்பவருக்கும் டியூஷன் நடத்துபவருக்கும் கூகுளே முதலிடம். அவர்களைத் தேவைப்படும்போதுதான் தேடுவார்கள், சும்மா ரசிக்க யாரும் வரமாட்டார்கள்.

எந்தத் தொழிலானாலும், எங்கிருந்து ஆள் வந்தார் என்று தெரியாமல் ஒப்பிடவே முடியாது. ஒவ்வொரு தளத்திலும் கொடுக்கும் இணைப்பின் வாலில் யு.டி.எம். எனப்படும் சிறு குறிப்பைச் சேர்த்தால், வலைத்தள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் கருவி அதைப் பிரித்துக் காட்டும். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகும் வாங்கியவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வாட்ஸ்அப் கணக்கில் விழுந்த அந்த ஆறு பேரை எந்த மென்பொருளும் எங்களுக்குக் காட்டித் தரவில்லை.

அக்காவின் வாரம் இப்போது இப்படிப் போகிறது: ஞாயிறு ஒரு ரீல், செவ்வாயும் வெள்ளியும் வாட்ஸ்அப் படங்கள், மாதம் ஒரு யூடியூப் காணொளி, ஃபேஸ்புக்கில் அதே படங்களின் நகல். இந்த வாரம் மயில்கழுத்து நிறத்தில் எட்டுச் சேலை வந்திருக்கிறது. பிற்பகல் வெயிலில் எடுத்தால் கைப்பேசி அதை வெறும் நீலமாக்கிவிடுகிறது என்பதால் காலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில் படம் எடுத்துத் தளத்தில் ஏற்றியாயிற்று. ரீல் மட்டும் பாக்கி. முடிச்சு அவிழ்க்கும் பெண், தன் மகளின் பிரசவத்துக்காகச் சின்னாளபட்டிக்குப் போயிருக்கிறார்.